பங்குக் கோவிலுக்குக் கொடுக்க நினைக்கிறீர்களா? மாதக் காணிக்கை, கூரை வேலை, சுரூபம், உழைப்பு, உயில்: ஓர் ஒப்பீடு

"கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, கோவிலுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். எதற்குக் கொடுத்தால் உருப்படியாக இருக்கும்?"

எங்கள் கத்தோலிக்கப் பங்கின் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் இருக்கும் ஊர்ச் சபையின்) நிதிக்குழுவில் ஏழு வருடம் கணக்குப் பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். கேட்பவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை, இரண்டு மூன்று யோசனையோடுதான் வருவார்கள். அப்பாவின் நினைவாக ஒரு சுரூபம், அல்லது கூரைப் பழுதுக்கு மொத்தமாக ஒரு தொகை, அல்லது மாதாமாதம் கொஞ்சம். வீட்டுக்குள்ளேயே ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் ஒருமுறை இழுத்தோம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கோவிலில் பீடத்துக்குப் பின்னால், வலது மூலையில், ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பழுப்பு ஈரக்கறை இருந்தது. ஒவ்வொரு திருவிழாவுக்கு முன்பும் அதன்மேல் வெள்ளை அடிப்போம். நாலு மாதத்தில் கறை திரும்பவும் வந்துவிடும், முன்னைவிட ஒரு சாண் அகலமாக. கடைசியில் ஒரு கொத்தனார் ஏணி வைத்து மேலே ஏறிப் பார்த்தார். கூரைத் தண்ணீர் வடியும் தகர வாய்க்காலில் சருகும் புறாக் கூடும் அடைத்துக் கிடந்தன. இறங்குகுழாயின் இணைப்பு கை நுழையும் அளவுக்கு விரிந்திருந்தது. மழைத் தண்ணீர் முழுவதும் வருடக்கணக்காகச் சுவருக்குள்தான் இறங்கியிருக்கிறது. வாய்க்காலைத் துப்புரவாக்க அரை நாள் ஆனது. சுவரைச் சரிசெய்ய எட்டு மாதம். அந்த அரை நாள் வேலைக்கான கூலியை அத்தனை வருடமும் யாரும் ஒதுக்கவில்லை. சுவருக்கு வெள்ளையடிக்க மட்டும் எப்போதும் பணம் இருந்தது.

இந்தக் கட்டுரையில் நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்பது இதிலேயே தெரிந்திருக்கும். ஆனாலும் எல்லா வழிக்கும் அதற்குரிய இடம் உண்டு, அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில், தேவை இருக்கும் இடத்துக்குப் பணம் போய்ச் சேருமா? திருச்சபையின் சொத்து எதற்காக என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு (எண் 1254) தெளிவாகச் சொல்கிறது: வழிபாடு, குருக்களும் மற்றப் பணியாளர்களும் கண்ணியமாக வாழ்வது, நற்செய்திப் பணியும் ஏழைகளுக்கான உதவியும். இந்த மூன்றில் எது இன்று அவசரம் என்பது மாதத்துக்கு மாதம் மாறும்.

இரண்டாவது, பங்கு அதை நம்பித் திட்டம் போட முடியுமா? எப்போது வரும் என்று தெரியாத பெரிய தொகையைவிட, வரும் என்று தெரிந்த சிறிய தொகை சில சமயம் கூடுதலாகக் கை கொடுக்கும்.

மூன்றாவது, கொடுத்த பிறகு வரும் செலவு யார் தலையில்? யாரும் கேட்காத கேள்வி இது. என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் கனம் அதிகம்.

நான்காவது, கணக்குக் கேட்க முடியுமா? ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது சட்ட எண் 537. பங்கின் பணிகளுக்கு ஆலோசனை சொல்லும் மேய்ப்புப்பணிப் பேரவையை ஆயர் தேவை என்று கருதினால் அமைக்கலாம் என்று விட்டிருக்கும் அதே சட்டம், நிதிக்குழுவில் அந்தத் தளர்வைத் தரவில்லை. மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது (எண் 1287). அதனால் கணக்குக் கேட்பதை நன்றிகெட்ட செயலாக யாரும் நினைக்க வேண்டாம்.

ஐந்தாவது, உங்கள் வீடு தாங்குமா? திருச்சபையின் தேவைகளுக்கு உதவுவது விசுவாசிகளின் கடமை என்கிறது சட்ட எண் 222. கத்தோலிக்க மறைக்கல்வியும் (எண் 2043) அதையே சொல்லிவிட்டு, 'அவரவர் வசதிக்கு ஏற்ப' என்று சேர்க்கிறது. பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு இன்றைய சட்டத்தில் கிடையாது. ஆசையாகப் பத்தில் ஒன்று கொடுப்பவர்கள் கொடுக்கட்டும். வட்டிக்கு வாங்கிக் கொடுப்பதை யாரும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே பிரித்துவிடுகிறேன். திருப்பலிக் கருத்துக்காக, அதாவது ஒரு குறித்த வேண்டுதலுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சொல்லி, கொடுக்கும் காணிக்கையைக் கட்டடத்துக்குக் கொடுத்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அது வேறு. அந்தக் கருத்துக்குத் திருப்பலி நிறைவேற்றும் குருவின் வாழ்வுக்குத் துணையாக இருப்பது அது. அதற்குத் தனிச் சட்டங்கள், தனிப் பதிவேடு. அது கூரைக்குப் போகாது, போகவும் கூடாது. ஆகவே இந்த ஒப்பீட்டில் அதைச் சேர்க்கவில்லை.

## மாதாமாதம் ஒரு தொகை

"வாரத்தின் முதல் நாளில் உங்களுள் ஒவ்வொருவரும் வருவாய்க்கு ஏற்றவாறு ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள்" என்ற கருத்தைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே (16:2) பார்க்கிறோம். 'நான் வந்த பிறகு திரட்டத் தொடங்க வேண்டாம்' என்பதற்காகத்தான் அப்படிச் சொல்கிறார். நிதிக்குழுவில் உட்கார்ந்த பிறகுதான் அந்த வரியின் அருமை எனக்குப் புரிந்தது.

பங்கின் செலவில் பெரும்பகுதி யாருடைய கண்ணுக்கும் தெரியாதது. மின்கட்டணம், கோவிலைத் திறந்து பூட்டிப் பார்த்துக்கொள்ளும் கோவில்பிள்ளையின் சம்பளம், திருப்பலிக்கான அப்பமும் திராட்சை இரசமும் மெழுகுதிரியும், கழிப்பறைத் துப்புரவு, தீக்காப்பீடு. காப்பீட்டுத் தவணைக்காக யாரும் நினைவுப் பலகை வைப்பதில்லை. ஆனால் சொத்துக்குச் சேதம் வராமல் பார்ப்பது, தேவையான இடத்தில் காப்பீடு எடுப்பது, வரவு செலவை ஒழுங்காக எழுதுவது எல்லாம் நிர்வாகியின் கடமை என்று சட்ட எண் 1284 வரிசையாகச் சொல்கிறது. 'நல்ல குடும்பத் தலைவனின் அக்கறையோடு' என்பது அது பயன்படுத்தும் சொல். ஆண்டு வரவு செலவுத் திட்டம் போடவும் அழுத்தமாகப் பரிந்துரைக்கிறது. வருவது எவ்வளவு என்று தெரியாமல் திட்டம் எப்படிப் போடுவது?

ஞாயிறு காணிக்கைத் தட்டும் தொடர்ந்து வருவதுதானே என்று கேட்கலாம். அது ஆள் வருகையைப் பொறுத்தது. மழை பலமாக இருந்தால் பாதி, விடுமுறை என்றால் முக்கால். 2020-இல் கோவில்கள் பூட்டிக் கிடந்த மாதங்களில் தட்டே இல்லை. வங்கிக் கணக்கு வழியாக மாதக் காணிக்கை கொடுத்துவந்த குடும்பங்கள் எங்கள் பங்கில் கொஞ்சம்தான். மின்கட்டணமும் சம்பளமும் அந்தக் கொஞ்சம் பேரின் பணத்தில்தான் ஓடின.

மாதக் காணிக்கையில் இன்னொரு பலன், பராமரிப்பு நிதி. வரும் தொகையில் பத்தில் ஒன்றைத் தனிக் கணக்கில் ஒதுக்கி, அதைத் தொடாமல் வைத்தால், வாய்க்கால் துப்புரவுக்கும் உடைந்த ஓட்டுக்கும் யாரிடமும் கையேந்த வேண்டாம். சின்னப் பழுது சின்னதாகவே முடியும்.

மறைந்திருக்கும் செலவுகள்: பத்து வருடத்துக்கு முன் எழுதிக் கொடுத்த தொகை அப்படியே நிற்கும், விலைவாசி நிற்காது. வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள். அடுத்து, வங்கி வழியாகத் தானாகப் போவதால் குழந்தைகள் கண்ணில் நாம் கொடுப்பதே படாது. மக்கள் கொண்டுவரும் பணமும் பொருளும் அப்ப இரசத்தோடு சேர்ந்து காணிக்கைப் பவனியில் வருவது வழிபாட்டின் பகுதி. அதனால் எங்கள் வீட்டில் மாதக் காணிக்கை வங்கியில் போனாலும், பிள்ளைகள் கையில் ஒரு நாணயம் கட்டாயம் இருக்கும். மூன்றாவது, பொதுக் கணக்கில் சேரும் பணம் எதற்கும் போகலாம். ஆண்டுக் கணக்கை அறிவிப்புப் பலகையில் போடாத பங்கில், இந்த வழியை நான் தயக்கத்தோடுதான் சொல்வேன்.

எப்போது இதுவே சிறந்தது: மாதச் சம்பளக்காரர்கள், இளம் குடும்பங்கள், நிதிக்குழு உண்மையாக இயங்கும் பங்கு.

## குறித்த வேலைக்கு மொத்தத் தொகை

இதற்குச் சட்டத்தின் பாதுகாப்பு வலுவாக இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காகக் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்த முடியும் (எண் 1267). கூரைக்கு என்று கொடுத்தால் கூரைக்குத்தான். பங்குத்தந்தை மாறினாலும், பேரவை மாறினாலும் அது மாறாது.

அந்த வலுவே சில சமயம் கட்டிப்போடவும் செய்யும். எங்கள் பங்கில் 'மணிக்கூண்டுக்கு' என்று ஒரு தொகை வந்தது. வேலையைத் தொடங்க அது போதாது, மீதி திரளவில்லை. அதே வருடம் பீடத்தின் மேல்தளத்தில் காரை உதிர்ந்தது. கையில் பணம் இருந்தும் தொட முடியாமல் உட்கார்ந்திருந்தோம். கொடுத்தவரைத் தேடிப்பிடித்து எழுத்தில் சம்மதம் வாங்கி, முறைப்படி அனுமதி பெற்ற பிறகுதான் வழி பிறந்தது. ஆகவே கொடுக்கும்போதே கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்: 'கூரை வேலைக்கு, மீந்தாலோ வேலை நடக்காவிட்டாலோ கட்டடப் பராமரிப்புக்கு.' இந்த ஒரு வரி இருந்தால் நிதிக்குழு உங்களை வாழ்நாள் முழுக்க வாழ்த்தும்.

மதிப்பீட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். சாரம் கட்டும் செலவு, பொறியாளர் கட்டணம், மறைமாவட்ட அனுமதி, பழமையான கட்டடமாக இருந்தால் அரசு அனுமதி, இவை முதல் மதிப்பீட்டில் பெரும்பாலும் இருக்காது. கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுபவரைப் பற்றி லூக்கா நற்செய்தியில் (14:28) ஆண்டவரே பேசுகிறார்.

கைநிறையப் பணம் வந்ததும் வேலையை வேகமாக முடிக்கும் ஆர்வம் வரும், அதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய பழைய சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும் தன்மை உடையது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழி அடைபடும். உள்ளேயே தங்கி, கல்லையும் செங்கல்லையும் பொடியாக உதிர்க்கும். மேலே பார்க்கப் பளபளப்பாக இருக்கும், உள்ளே சுவர் அழுகிக்கொண்டிருக்கும். பழைய கோவிலுக்குப் பெரிய தொகை கொடுப்பவர், சுண்ணாம்பு வேலை தெரிந்தவரைக் கொண்டுதான் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்வது நல்லது. தொகையையும் ஒரே தடவையில் கொடுக்காமல், வேலை நகர நகரத் தவணையாகக் கொடுக்கலாம்.

பாரிஸின் நோத்ர் தாம் பேராலயத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் வரும். கல் உதிர்கிறது, பழுது பார்க்கப் பணம் வேண்டும் என்று சில வருடங்களாகவே கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2019 ஏப்ரல் 15 அன்று கூரை எரிந்தது. அதன் பிறகு 150 நாடுகளிலிருந்து சுமார் 3,40,000 பேர் கொடுத்தார்கள், 80 கோடி யூரோவுக்கு மேல் சேர்ந்தது. 2024 டிசம்பரில் பேராலயம் மறுபடி திறந்தது. அந்த மக்களின் அன்பைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் எரிவதற்கு முந்தின வருடம் கேட்டபோது யார் கொடுத்தார்கள்? பேராலயம் என்பதால் உலகம் திரும்பிப் பார்த்தது. உங்கள் பங்குக் கோவிலின் கூரை சரிந்தால் யார் வருவார்கள்?

எப்போது இதுவே சிறந்தது: நிலம் விற்ற பணம், ஓய்வூதியத் தொகை போல் ஒருமுறை வரும் பணம் கையில் இருக்கும்போது; வேலைக்கு மதிப்பீடும் அனுமதியும் தயாராக இருக்கும்போது; பொதுக் கணக்கின்மேல் உங்களுக்கு நம்பிக்கை குறைவாக இருக்கும்போது.

## பொருளாகக் கொடுப்பது

மனத்துக்கு மிக நெருக்கமான வழி இதுதான், அது எனக்குப் புரியும். அம்மா கும்பிட்ட சுரூபத்தின் கீழே அம்மாவின் பெயர் இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு அது எவ்வளவு ஆறுதல்!

ஆனால் பின்செலவு என்ற எடைக்கல்லில் இது கடுமையாக இறங்கும். ஒரு குடும்பம் எங்கள் கோவிலுக்குப் பெரிய தொங்குவிளக்கு ஒன்று கொடுத்தது. பதினாறு பல்பு, நடுக்கூரையிலிருந்து தொங்கும், பார்க்க அவ்வளவு அழகு. இரண்டு வருடத்தில் ஒன்பது பல்பு அணைந்துவிட்டது. எங்களிடம் இருந்த ஏணி எட்டவில்லை. பல்பு மாற்றச் சாரம் கட்ட வேண்டும், அதற்கு ஆகும் கூலியில் ஒரு மாத மின்கட்டணம் கட்டலாம். கொடுத்த குடும்பம் ஒவ்வொரு ஞாயிறும் முன்வரிசையில் உட்கார்ந்து மேலே பார்ப்பார்கள். அவர்களுக்கும் சங்கடம், எங்களுக்கும் சங்கடம். குழாய் ஆர்கன், குளிர்சாதனம், பெரிய ஒலிபெருக்கி எல்லாம் இந்த வகைதான். யானையைக் கொடுப்பவர் தீனிக்கும் வழி சொல்ல வேண்டும்.

சுரூபத்துக்கு வேறொரு பிரச்சினை. கோவிலில் வைக்கும் திருவுருவங்கள் அளவான எண்ணிக்கையிலும் தகுந்த ஒழுங்கிலும் இருக்க வேண்டும் என்கிறது சட்ட எண் 1188. ஒரே புனிதருக்குப் பொதுவாக ஒரு உருவம் போதும் என்று உரோமைத் திருப்பலி நூலின் பொது முன்னுரையும் (எண் 318) சொல்கிறது. ஆக, ஏற்கெனவே அந்தோனியார் இருக்கும் கோவிலுக்கு இன்னொரு அந்தோனியாரைக் கொடுத்தால், அவர் ஒரு மூலையிலோ பண்டக அறையிலோ நிற்க வேண்டியிருக்கும். அர்ச்சித்த பொருளை வேண்டாம் என்று வெளியே போடவும் முடியாது. பங்குத்தந்தை 'வேண்டாம்' என்று சொன்னால் மனம் நோகாதீர்கள். பெரும்பாலும் அவர் வருங்காலத்துப் பராமரிப்பை நினைத்துத்தான் சொல்கிறார்.

பொருளாகக் கொடுப்பதில் ஒரு நல்ல வழி, பங்கிடமே பட்டியல் கேட்பது. பீடத் துணிகள், கிழிந்துபோன திருவுடைக்கு மாற்று, தீயணைப்புக் கருவி, இடிதாங்கி, தரமான மின்கம்பி. மேலே சொன்ன கதைக்குப் பிறகு நாங்கள் பட்டியலில் முதலில் எழுதியது, ஒரு நல்ல நீள ஏணி. ஒரு ஆசிரியை வாங்கிக் கொடுத்தார். இன்றைக்கும் அதுதான் வாய்க்காலுக்கு ஏறுகிறது.

எப்போது இதுவே சிறந்தது: பங்கு கேட்ட பொருள், பராமரிப்புக்கும் சேர்த்து ஒரு தொகை ஒதுக்கிக் கொடுக்கும்போது.

## நேரமும் கைவேலையும்

பணம் இல்லாதவர்கள் செய்வது என்று இதைக் கீழே வைக்க வேண்டாம். வருடத்துக்கு இரண்டு தடவை, மழைக்கு முன்னும் பின்னும், கூரை வாய்க்காலையும் இறங்குகுழாயையும் பார்ப்பது; சுவரிடுக்கில் முளைக்கும் ஆலஞ்செடியைச் சிறிதாக இருக்கும்போதே வேரோடு எடுப்பது; பெஞ்சுகளின் கால்களிலும் நிலைகளிலும் கரையான் மண் தெரிகிறதா என்று தட்டிப் பார்ப்பது; பழுதான இடங்களைத் தேதியோடு படமெடுத்து வைப்பது. இதெல்லாம் பெரிய செலவில்லாமல் கட்டடத்தின் ஆயுளைக் கூட்டும். கணக்காளர், மின்பணியாளர், வழக்கறிஞர், பொறியாளர் கொடுக்கும் ஒரு மாலை நேரம் பெரிய காணிக்கைக்குச் சமம்.

இங்கேயும் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. உயரத்தில் ஏறுபவர் விழுந்தால் யார் பொறுப்பு? பங்கின் காப்பீடு தொண்டர்களையும் சேர்க்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தரையில் நின்று செய்யும் வேலையோடு நிறுத்துங்கள். அப்புறம், ஆர்வக்கோளாறு. பழைய மரச் சுரூபத்துக்குப் பளபளவென்று எனாமல் அடித்துவிட்டால் திரும்ப எடுக்கவே முடியாது. பழமையாலோ கலைச்சிறப்பாலோ மக்கள் வணக்கத்தாலோ மதிப்புப் பெற்ற திருவுருவத்தை மேலதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் சீரமைக்கக் கூடாது என்று சட்ட எண் 1189 சொல்வது இதற்காகத்தான். அந்த அனுமதியும் வல்லுநர்களைக் கேட்ட பிறகே தரப்படும்.

இன்னொன்று எனக்கு முக்கியம். இலவசமாகச் செய்ய ஆள் இருக்கிறது என்று சொல்லி, கூலிக்குச் செய்துவந்தவரை நிறுத்திவிடக் கூடாது. பணியாளருக்கு நியாயமான ஊதியம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம் (எண் 1286). தொண்டு அவருடைய பிழைப்பில் கை வைக்கக் கூடாது.

## உயிலும் நிலை நிதியும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒரு வழக்கறிஞரோடும் உங்கள் பிள்ளைகளோடும் பேசாமல் இதில் இறங்கவே வேண்டாம். இறந்தவரின் விருப்பத்தை மிகுந்த அக்கறையோடு நிறைவேற்ற வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் (எண் 1300) சொல்கிறது. நாட்டுச் சட்டத்தின் படிவங்களையும் கூடியவரை கடைப்பிடிக்கச் சொல்கிறது. வீட்டாருக்குத் தெரியாமல் எழுதிய உயில் பங்கையும் குடும்பத்தையும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நிறுத்தும்.

முதலைத் தொடாமல் வட்டியில் மட்டும் ஏதாவது நடக்க வேண்டும் என்று வைக்கும் நிதிக்கு, ஏற்றுக்கொள்வதற்கே ஆயரின் அல்லது உரிய மேலதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி தேவை (எண் 1304). காலப்போக்கில் வட்டி சுருங்கும், கடமை மட்டும் அப்படியே நிற்கும். 'ஆண்டுதோறும் கோவில் கட்டடப் பராமரிப்புக்கு' என்று விரிவாக எழுதினால் நூறு வருடம் கழித்தும் பயன்படும். 'மேற்குப் பக்கக் கதவுக்கு எண்ணெய் பூச' என்று எழுதினால் கதவு மாறியதும் சிக்கல். நிலமாகக் கொடுத்தால் வரி, வேலி, ஆக்கிரமிப்பு எல்லாம் அதோடு சேர்ந்து போகும்.

## ஒரே பார்வையில்

| | தேவைக்கு ஏற்பப் போகுமா | நம்பித் திட்டமிடலாமா | பின்செலவு | கணக்கு |
|---|---|---|---|---|
| மாதக் காணிக்கை | நன்றாக | மிக நன்றாக | இல்லை | நிதிக்குழுவைப் பொறுத்தது |
| குறித்த வேலைக்கு | அந்த வேலைக்கு மட்டும் | ஒருமுறைதான் | வேலையின் தரத்தைப் பொறுத்தது | தெளிவாகக் கேட்கலாம் |
| பொருள் | பங்கு கேட்டிருந்தால் | இல்லை | அதிகம் | கண்ணெதிரே இருக்கும் |
| உழைப்பு | நன்றாக | ஆளைப் பொறுத்தது | விபத்து, தவறான வேலை | வேலையே கணக்கு |
| உயில், நிலை நிதி | எழுதும் விதத்தைப் பொறுத்தது | நீண்ட காலத்துக்கு | சட்டச் செலவு, வரி | மேலதிகாரியின் கண்காணிப்பு |

## கொடுக்குமுன் கேட்க வேண்டிய ஒன்று: கட்டடம் யாருடையது?

விசித்திரமான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் நாட்டுக்கு நாடு விடை மாறும். பிரான்சில் 1905-ஆம் ஆண்டுப் பிரிவினைச் சட்டத்துக்கு முன் கட்டிய பங்குக் கோவில்கள் பெரும்பாலும் உள்ளூர் நகராட்சியின் சொத்து, பேராலயங்கள் அரசின் சொத்து. அங்கே கூரைக்குக் கொடுப்பதும் குருவானவரின் வாழ்வுக்குக் கொடுப்பதும் வேறு வேறு கைகளுக்குப் போகும். ஜெர்மனியில் வருமான வரியோடு சேர்த்து அந்த வரியின் 8 அல்லது 9 விழுக்காடு திருச்சபை வரியாகப் பிடிக்கப்படுகிறது. அங்கே இருக்கும் ஒருவருக்கு மாதக் காணிக்கையைவிடக் குறித்த வேலைக்குக் கொடுப்பதே பொருத்தமாகப் படலாம். வரியோ அரசு உதவியோ இல்லாத இடத்தில் மாதக் காணிக்கைதான் மூச்சு.

பங்கின் சொத்து பங்கினுடையது, பங்குத்தந்தையின் சொந்தச் சொத்து அல்ல. திருச்சபைச் சட்டத்தின் முன் பங்கு தனி ஆளுமை உடையது. ஆகவே காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ எதுவானாலும் பங்கின் பெயரில் இருக்கட்டும், இரசீது வாங்குங்கள். பங்குத்தந்தைக்கும் அதுதான் பாதுகாப்பு.

## யாருக்கு எது

வேலைக்குப் போக ஆரம்பித்த பிள்ளை: சிறிய மாதக் காணிக்கை, வருடத்துக்கு இரண்டு நாள் உழைப்பு. ஒருமுறை பெரிய தொகை கையில் வந்தவர்: பாதி குறித்த வேலைக்கு, 'மீந்தால் பராமரிப்புக்கு' என்ற வரியோடு, பாதி பராமரிப்பு நிதிக்கு. கணக்குக் காட்டாத பங்கில் இருப்பவர்: கொடுப்பதை நிறுத்தாதீர்கள், குறித்த வேலைக்குத் தவணையாகக் கொடுங்கள், கணக்கைத் தொடர்ந்து மரியாதையோடு கேளுங்கள். கடன் சுமையில் இருப்பவர்: முதலில் கடனை அடையுங்கள். காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட கைம்பெண்ணை ஆண்டவர் பாராட்டினார். அதற்குச் சற்று முன்னால், கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிறவர்களைக் கண்டித்ததும் அவர்தான் (மாற்கு 12).

சரி, எங்கள் வீட்டுக் கதை. அம்மா இறந்த வருடம் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து கோவிலுக்கு ஒரு தொகை கொடுக்க நினைத்தோம். அண்ணன் பளிங்கில் மாதா சுரூபம் என்றார். தங்கை, அம்மா பெயரில் வருடா வருடம் ஏதாவது நடக்க வேண்டும் என்றாள். நான் பின்சுவரைக் காட்டினேன். அண்ணனுக்குக் கோபம். "வாய்க்காலுக்கா அம்மா பேரு?" என்று கேட்டார். இரண்டு வாரம் பேச்சே இல்லை. அப்புறம் ஒரு மழை ஞாயிறு, திருப்பலி முடிந்து எல்லாரும் போன பிறகு, அவரே பீடத்துக்குப் பக்கத்தில் நின்று அந்தச் சுவரில் கை வைத்துப் பார்த்தார். உள்ளங்கை நனைந்தது. அம்மா பதினைந்து வருடம் அந்த மூலையில்தான் பூ வைப்பார்.

தொகையில் பாதியில் வாய்க்காலும் இறங்குகுழாயும் புதிதாக மாற்றினோம். சுவருக்குச் சுண்ணாம்புக் காரை பூசப்பட்டது. மீதி பராமரிப்பு நிதிக்குப் போனது. தங்கை மாதக் காணிக்கையை ஏற்றுக்கொண்டாள். பெயர்ப் பலகை எதுவும் வைக்கவில்லை, நிதிக்குழுப் பதிவேட்டில் அம்மாவின் பெயர் ஒரு வரி இருக்கிறது. மூன்று மழைக்காலம் போய்விட்டது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அண்ணன் போய் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்கிறார். காய்ந்திருக்கிறது.